'துபாஷி' என்றால் யார்? மொழிபெயர்ப்பாளரின் பழைய பெயரும், அந்தப் பெயரைச் சுற்றி நடந்த ஒரு வழக்கும்!

பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரும் நடந்து பாருங்கள். தமிழைவிட தெலுங்குதான் அதிகம் காதில் விழுகிறதோ என்று தோன்றும். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்கள் கூட்டம் கடந்த சில ஆண்டுகளில் அப்படிப் பெருகிவிட்டது. அவர்களுக்கு இந்த ஊர் திருவண்ணாமலை இல்லை, 'அருணாச்சலம்'. லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, டீக்கடை என்று பல இடங்களில் தெலுங்கு எழுத்து பலகை ஏறிவிட்டது. அப்படியே செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் போனால் ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் எல்லாம் கேட்கும்.

இத்தனை மொழிக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சைக் கடத்துவது யார்? பெரும்பாலும் ஆட்டோ ஓட்டுநர்கள், பூக்கடை அக்காக்கள், லாட்ஜில் சாவி கொடுக்கும் பையன்கள். படித்து வாங்கிய மொழி இல்லை, பழகி வாங்கிய மொழி. அவர்களை 'கைடு' என்கிறோம், கொஞ்சம் மரியாதையாக 'டிரான்ஸ்லேட்டர்' என்கிறோம். சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன்னால், தமிழ்க் கடற்கரையில் இதே வேலையைச் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது: துபாஷி.

இன்றைக்கு வரலாற்றுப் பாடத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எப்படிப் பணமும் பழியும் சேர்த்துக்கொண்டது, ஏன் காணாமல் போனது? விரிவாகப் பார்க்கலாம்.

குடி எது, குடி எது?

அதற்கு முன்னால் ஒரு சின்ன உதாரணம். தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர் கிரிவலப் பாதையில் வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெலுங்கில் வலது பக்கத்துக்கு 'குடி' என்று பெயர். கோயிலுக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான், முதல் எழுத்தை மட்டும் அழுத்திச் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'குடி'. தமிழ்க் காதுக்கோ குடி என்றால் தண்ணீர் குடிப்பது, அல்லது வேறு 'குடி'.

இன்னொன்று 'செப்பு'. தெலுங்கில் சாதாரணமாக 'சொல்லு' என்பதற்கு இதுதான். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு, ஆனால் இலக்கியத்தில். கடைத்தெருவில் செப்பு என்றால் செம்பு, தாமிரம். தெலுங்கில் அதே சொல்லுக்குச் செருப்பு என்ற பொருளும் இருக்கிறது. செருப்பு விடும் இடத்தில் நின்று ஒருவர் 'செப்பு' என்றால், எந்தச் செப்பு என்று இரண்டு மொழியும் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

பக்கத்து மொழியிலேயே இவ்வளவு வழுக்கல் இருக்கிறது. வழி தவறினால் நாலு தெரு சுற்றி வந்துவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலோ காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ பேச்சு தவறினால்?

இரண்டு மொழிக்காரர்

துபாஷி என்ற சொல்லைப் பிரித்தால் விஷயம் எளிது. சமஸ்கிருதத்தில் 'த்வி' என்றால் இரண்டு. 'பாஷா' என்றால் மொழி. இரண்டு மொழி உடையவர் துவிபாஷி. அது வடக்கே வழக்கில் தேய்ந்து 'துபாஷி', 'தோபாஷி' என்று ஆனது. இந்தியில் இன்றும் 'துபாஷியா' உண்டு. வங்காளத்தில் 'தோபாஷி' என்பது இப்போதும் அன்றாடச் சொல், யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. மலையாளத்தில் 'த்விபாஷி' என்று முழு வடிவமே இருக்கிறது. தமிழில் துபாஷி, துபாசி என இரண்டு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கிலேயர்கள் அதை 'துபாஷ்' ஆக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மும்பையில் இந்தச் சொல் வேறு பக்கம் திரும்பியது. அங்கே கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்பவருக்கு துபாஷ் என்று பெயர். அதுவே பார்ஸி குடும்பங்களின் குடும்பப் பெயரும் ஆனது. காலா கோடா பகுதியில் துபாஷ் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது.

இலங்கையில் கதை வேறு. டச்சுக்காரர்கள் ஆண்டபோது மொழிபெயர்ப்பவரை 'தோல்க்' என்றார்கள், அது அவர்கள் மொழிச் சொல். சிங்களம் அதை எடுத்துக்கொண்டு 'தோல்க முதலி' என்றது. முதலியார் பட்டத்தோடு இந்த வேலை ஒட்டிக்கொண்டது அப்படித்தான். நம் பக்கம் இஸ்லாமியர் வழக்கில் இருக்கும் 'தர்ஜமா' அரபுச் சொல். குர்ஆன் தர்ஜமா என்று கேட்டிருப்பீர்கள். அதன் இன்னொரு வடிவம்தான் மேற்கே போய், துருக்கி சுல்தான் அரண்மனையில் ஐரோப்பியத் தூதர்களுக்கு மொழிபெயர்த்தவர்களைக் குறிக்கும் 'டிராகோமன்' ஆனது.

அப்போ தமிழில் சொந்தச் சொல் இல்லையா?

இருக்கிறது, ரொம்பப் பழையது. தொல்காப்பிய மரபியல், வழிநூல் நாலு வகை என்கிறது: தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலந்தது, நாலாவது மொழிபெயர்ப்பு. பாடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் 'பெயர்' என்றால் ஊர் பேர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் இல்லை. இடம்பெயர்வது, சுவர் பெயர்வது, பெயர்த்து எடுப்பது என்கிறோமே, அந்தப் பெயர். ஒரு இடத்திலிருந்து கிளப்பி இன்னொரு இடத்தில் வைப்பது. சங்கப் பாடல்களில் தமிழகத்துக்கு வடக்கே வேங்கடம் தாண்டிய பகுதியை 'மொழிபெயர் தேயம்' என்று சொல்கிறார்கள். மொழி மாறுகிற நாடு என்று பொருள். இன்று அருணாச்சலத்துக்கு பஸ் ஏறி வருபவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேயத்துக்காரர்கள்தான்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் பேசுவது நூலைப் பற்றி. ஓலையில் இருப்பதை இன்னொரு ஓலைக்கு மாற்றுவது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க, நடுவில் ஒருவர் வாயால் பேச்சைக் கடத்துவது வேறு வேலை. எழுத்தை மாற்றுபவர் தப்பு செய்தால் மூல நூலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். வாயால் மாற்றுபவர் தப்பு செய்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது, சொல் காற்றில் போய்விட்டது. இந்த இரண்டாவது ஆளுக்குத்தான் 'துபாஷி' என்று பெயர் வந்தது.

திருவண்ணாமலைக்கு இது புதுசு இல்லை. கர்நாடகத்தின் துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், 14-ம் நூற்றாண்டில் இந்த ஊரிலேயே தங்கி ஆட்சி நடத்தியவர். அவர் பேரில் கோயிலில் வல்லாள கோபுரம் இருக்கிறது. அவருக்கு மகன் ஸ்தானத்திலிருந்து அண்ணாமலையாரே திதி கொடுக்கும் சடங்கு மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டில் இன்றும் நடக்கிறது. 217 அடி உயர ராஜகோபுரத்தைத் தொடங்கியது விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயர், முடித்தது தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். கன்னடம் பேசிய அரசரும் தெலுங்கு பேசிய அரசர்களும் வந்து போன ஊர் இது. கோயில் கல்வெட்டுகளோ பெரும்பாலும் தமிழில். அரசர் வாயில் வந்தது கல்லில் தமிழாக ஏறுவதற்குள் நடுவில் யாரோ சிலர் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயரைக் கல் பதிவு செய்யவில்லை.

மொழி தெரிந்தவர் முதலாளி ஆன கதை

துபாஷிகளின் காலம் என்றால் 17, 18-ம் நூற்றாண்டுகள். இடம் சென்னையும் புதுச்சேரியும். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னையில் இடம் பிடித்தபோது, பேச்சுவார்த்தைக்கு உதவியவர் பேரி திம்மப்பா என்று சொல்லப்படுகிறது. சென்னைத் துபாஷிகளின் வரிசை அவரிலிருந்துதான் தொடங்குகிறது.

கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரருக்கு ஊர் தெரியாது, விலை தெரியாது, யாரை நம்பலாம் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் வேண்டும். துபாஷி பேச்சை மாற்றுவார், நெசவாளர்களிடம் துணிக்கு விலை பேசுவார், வீட்டுக்கு வேலைக்காரர் பிடிப்பார், கையில் காசு இல்லாவிட்டால் கடனும் கொடுப்பார். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சம்பளம் குறைவாக வாங்கிய கம்பெனி அதிகாரிகள் பலர் தங்கள் துபாஷிக்கே கடன்பட்டிருந்தார்கள். எஜமான் யார், வேலைக்காரர் யார் என்று வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடாது.

தமிழ் அகராதிகளில் துபாஷிக்கு மொழிபெயர்ப்பவர் என்ற பொருளோடு தரகர், காரியஸ்தர் என்ற பொருளும் சேர்ந்து வருவது இதனால்தான். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பச்சையப்ப முதலியார் (1754–1794) ஒரு துபாஷி. 40 வயதில் இறந்தவர் விட்டுப்போன சொத்தும் உயிலும்தான் பிறகு பள்ளியாகவும் கல்லூரியாகவும் ஆயின.

புதுச்சேரியில் நடந்த வழக்கு

இனி, இந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் அந்த வழக்கு. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. 1708-ல் ஆளுநர் ஏபேர், நைனியப்ப பிள்ளை என்ற வணிகரைக் கம்பெனியின் தலைமைத் தரகராக நியமிக்கிறார். தமிழர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர். அந்தக் காலத்தில் இந்தியக் கடற்கரைத் துறைமுகங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த வியாபார மொழி போர்த்துக்கீசியம்தான். பிரெஞ்சு அதிகாரிகளும் அதில்தான் சமாளித்தார்கள்.

நைனியப்பர் இந்து. இப்படி ஒரு பதவியில் கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று இயேசு சபைப் பாதிரிமார்கள் தொடர்ந்து அழுத்தம் கொடுத்து வந்தார்கள். இடையில் பதவி போய்த் திரும்பி வந்த அதே ஏபேர், 1716-ல் நைனியப்பரைக் கைது செய்கிறார். ஊர் மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள்.

விசாரணை நடந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. சாட்சிகள் தமிழர்கள், சொன்னது தமிழில். அதைக் கடத்திச் சொன்னவர் மனுவேல், பாதிரிமார்களிடம் இருந்த உபதேசியாரின் மகன். அதாவது, நைனியப்பரை அந்தப் பதவியிலிருந்து இறக்க விரும்பிய தரப்புக்கு நெருக்கமானவர். பதிவேட்டில் ஏறியது பிரெஞ்சு. சாட்சிகள் கையெழுத்துப் போட்டதோ அவர்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில்! ஊருக்கே பேச்சை மாற்றித் தந்த நைனியப்பருக்கு, தன் வழக்கில் பேச்சை மாற்றியவரைச் சரிபார்க்க வழி இல்லாமல் போனது.

தீர்ப்பு: கடைத்தெருவில் பொதுமக்கள் முன் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, சொத்து பறிமுதல். 1717-ல் அவர் சிறையிலேயே இறந்தார்.

குடும்பம் விடவில்லை. மேல்முறையீடு பிரான்ஸ் வரை போனது. சாட்சியங்கள் எந்த மொழியில் சொல்லப்பட்டு எந்த மொழியில் எழுதப்பட்டன என்ற கேள்வி அதில் ஒரு முக்கிய வாதம். கடைசியில் தீர்ப்பு ரத்தானது. ஏபேர் பதவி இழந்தார். நைனியப்பரின் மகன் குருவப்பா கப்பலேறி பிரான்ஸுக்கே போனார். பாரிஸில் ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி, அப்பா இருந்த அதே பதவியில் உட்கார்ந்தார். மதம் மாறிய பிறகுதான் அந்த நாற்காலி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ரங்கப்பிள்ளையும் ஆளுநரின் மனைவியும்

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அவர் மகன்தான் நாட்குறிப்புக்காகப் பிரபலமான ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736-ல் எழுத ஆரம்பித்து, சாகும் வரை கிட்டத்தட்ட 25 வருஷம் எழுதினார். ஆளுநர் டூப்ளேவிடம் 1747-ல் தலைமைத் துபாஷி ஆனார். புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த 1761 ஜனவரியிலேயே அவரும் காலமானார். பின்னாளில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்துக்குப் போன அந்த நாட்குறிப்பின் தமிழ், இலக்கணச் சுத்தமான தமிழ் இல்லை. பேச்சு வழக்கும் உருதும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்தடித்த தமிழ். நாள் முழுக்க நாலு மொழிக்கு நடுவில் நின்றவர் ராத்திரி உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

அந்த நாட்குறிப்பில் ஒருவர் மீது அவருக்கு இருக்கும் எரிச்சல் மறைக்க முடியாதது. டூப்ளேவின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். ஆளுநர் வீட்டுக்குள்ளேயே தமிழ் பேசும் ஆள் இருந்தால் துபாஷிக்கு என்ன வேலை? மனு கொடுக்க வருபவர்கள் நேராக அம்மாளிடம் போய்விடலாம். நடுவில் நிற்பவரின் செல்வாக்கு, அந்த இடத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் இரண்டு மொழியும் தெரியும் என்பதில்தான் இருந்தது. இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டால் அது அப்படியே இறங்கிவிடும்.

சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததும், ஓய்ந்ததும்

சென்னை சூளையில் அவதானம் பாப்பையர் சாலை இருக்கிறது. அந்த அவதானம் பாப்பையாவும் துபாஷிதான், ஆளுநராக இருந்த ஹாலண்ட் சகோதரர்களுக்கு. டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற கம்பெனி அதிகாரிக்கு எதிராகச் சதி செய்ததாக 1792-ல் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கின் புகழ் எவ்வளவு தூரம் போனது என்றால், ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1827-ல் எழுதிய 'தி சர்ஜன்ஸ் டாட்டர்' கதையில் பாப்பையா என்ற பெயரிலேயே ஒரு துபாஷி வில்லத்தனம் செய்கிறார். துபாஷி என்றால் தந்திரக்காரர் என்ற பிம்பம் ஆங்கிலேயர் மனதில் அழுத்தமாகப் பதிந்தது இந்தக் காலத்தில்தான். தங்கள் அதிகாரிகள் வாங்கிய லஞ்சத்துக்கும் சேர்த்து துபாஷிகள் மேல் பழி போட்டுவிட்டுப் போவது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

1812-ல் எல்லிஸ் முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிலைமையை மாற்றியது. இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் தாங்களே படித்தாக வேண்டும். நேரடியாகப் பேசத் தெரிந்த கலெக்டருக்குத் துபாஷி தேவைப்படவில்லை. ஆள் போனார், பின்னாடியே சொல்லும் போனது.

'லிங்குவிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு பழைய வாழ்க்கை உண்டு. இன்று மொழியியல் அறிஞரை அப்படி அழைக்கிறார்கள். ஆனால் சீனாவின் காண்டன் துறைமுகத்தில், அரசு உரிமம் பெற்று வெளிநாட்டு வணிகர்களுக்குப் பேச்சு மாற்றிக் கொடுத்தவர்களுக்குத்தான் ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் கானாவில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே அகான் தலைவர்கள் சபையில் நேராகப் பேச மாட்டார்கள். பக்கத்தில் கோலோடு நிற்கும் 'ஓச்சாமே' தலைவரின் சொல்லை எடுத்து, மெருகேற்றி, சபைக்குச் சொல்வார். மொழி இரண்டு பேருக்கும் ஒன்றேதான்! ஆனாலும் ஆங்கிலத்தில் அவருக்கு லிங்குவிஸ்ட் என்றே பெயர்.

ரமணர் முன்னால் நின்ற மொழிபெயர்ப்பாளர்கள்

திருவண்ணாமலைக்குத் திரும்பலாம். துபாஷி என்ற பெயர் மறைந்த பிறகு அந்த வேலை மிக நுணுக்கமாக நடந்த ஓர் இடம் ரமணாசிரமத்தின் ஹால்.

1896-ல் மதுரையிலிருந்து வந்த ரமணர், ஆரம்ப காலத்தில் அதிகம் பேசவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதியே பதில் கொடுத்தார். அதுதான் 'நான் யார்?' நூலாக ஆனது. அதில் நடுவில் ஆள் இல்லை. 1930-களில் நிலைமை வேறு. பால் பிரண்டன் 1931-ல் வந்து போய், 1934-ல் புத்தகம் எழுதியதும், ஆங்கிலத்தில் கேள்வி கேட்பவர்கள் குவிய ஆரம்பித்தார்கள். ரமணர் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் பதில் சொல்வார். முனகல வெங்கடராமையா, வழக்கறிஞர் தேவராஜ முதலியார் போன்றவர்கள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ரமணர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவர். ஆங்கிலத்தில் பேசுவதைத் தவிர்த்தாலும் படித்தால், கேட்டால் நன்றாகப் புரியும். மொழிபெயர்ப்பு தடம் மாறினால் சொன்னவரே நிறுத்தித் திருத்தலாம். நைனியப்பர் வழக்கில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்து வைத்த உரையாடல்கள் 'டாக்ஸ்' என்ற பெயரில் 1955-ல் புத்தகமாக வந்தன. அவர் குறித்தது ஆங்கிலத்தில். அதாவது, தமிழில் சொல்லப்பட்ட பல பதில்களுக்கு எழுத்தில் இருக்கும் மூலம் ஆங்கிலம். இன்று தமிழ் வாசகர் கையில் எடுப்பது, அந்த ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவரப்பட்ட வடிவத்தைத்தான். ரமணர் அந்தக் கணத்தில் சரியாக எந்தத் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று இப்போது அந்தப் பக்கங்களை வைத்துச் சொல்ல முடியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர், நேர்மையானவர், பக்கத்திலேயே சொன்னவர். அப்படியிருந்தும் இதுதான் நிலைமை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

வழி கேட்பதற்கு செல்போன் ஆப் போதும். உச்ச நீதிமன்றமே 2019-ல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு குறிப்பு இருக்கும்: தமிழ் வடிவம் புரிந்துகொள்வதற்கு மட்டும், சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான்.

விசாரணைக் கூண்டில் நிற்பவருக்கு அது போதாது. ஆந்திராவிலிருந்து வந்தவரோ ஜெர்மனியிலிருந்து வந்தவரோ, திருவண்ணாமலையில் ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், அவருக்குத் தெரியாத மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தை அவருக்குத் தெரிந்த மொழியில், திறந்த நீதிமன்றத்தில், மாற்றிச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 314-வது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 279-வது பிரிவு. மாற்றிச் சொல்பவர் உண்மையாகத்தான் மாற்ற வேண்டும் என்று 317-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. சாட்சியைப் போலவே மொழிபெயர்ப்பாளரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது 1969-ம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டத்தில் இருக்கிறது.

காவல் நிலையத்தில் முதல் புகார் எழுதும்போதும், ஆஸ்பத்திரியில் டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்கும்போதும் இந்தப் பிரிவுகள் எதுவும் பக்கத்தில் நிற்காது. அங்கே நிற்பது கூட வந்த ஆட்டோ அண்ணன்தான்.

யாரை எப்படி அழைக்கலாம்?

எழுதியதை மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். பேசுவதை அங்கேயே மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். இலங்கையில் அரசு அலுவலகங்கள், நீதிமன்றங்களில் இந்தச் சொல் நன்றாகப் புழக்கத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில்தான் இன்னும் பரவவில்லை. மொழியின் அமைப்பை ஆராய்பவர் மொழியியலாளர், அவருக்குப் பத்து மொழி பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பல மொழி அறிந்தவருக்குப் பன்மொழிப் புலவர் என்று பட்டம் கொடுத்தோம், கா.அப்பாத்துரையும் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் அப்படி அழைக்கப்பட்டவர்கள். துபாஷி என்ற சொல்லை 17, 18-ம் நூற்றாண்டுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை பெயரில் தெரு இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடும் இருக்கிறது. அடுத்த முறை போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.